எல்ல ஏற்றத்தில் சோரும் கார்

வெல்லவாயவிலிருந்து எல்லவுக்கு ஏறும் வீதியில் வண்டி ஓட்டுபவர்கள் அடிக்கடி சொல்லும் முறைப்பாடு ஒன்று உண்டு. கீழே சமதரையில் கார் எந்தக் குறையும் காட்டவில்லை. ஏற்றம் தொடங்கியதும் மெல்ல மெல்லச் சோர்கிறது. இராவணன் அருவி தெரியும் வளைவுக்கு வருவதற்குள் அக்ஸிலரேட்டரை அடிவரை மிதித்தாலும் இழுவை இல்லை. எஞ்சின் சத்தம் கூடுகிறது, வேகம் கூடவில்லை. சில வேளை டாஷ்போர்டில் எஞ்சின் படம் போட்ட மஞ்சள் விளக்கும் எரிகிறது. எல்ல டவுனில் கொஞ்ச நேரம் நிறுத்தி வைத்துவிட்டுப் பதுளைப் பக்கம் இறங்கினால், ஒன்றுமே நடக்காததுபோல் ஓடுகிறது.

மலைக்காற்று காருக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்பார்கள். அதில் பாதி உண்மை இருக்கிறது. கராஜில் ஸ்கேன் மெஷினைப் பொருத்திப் பார்த்தால், எயார் ஃப்ளோ சென்சர் போய்விட்டது, மாற்ற வேண்டும் என்று பதில் வரும். அதிலும் பாதி உண்மை இருக்கலாம். புதிய சென்சர் போட்ட பிறகும் அதே வளைவில் அதே சோர்வு வருவது உண்டு. அப்படியானால் அந்த மெஷின் சொன்னது என்ன, சொல்லாமல் விட்டது என்ன? சமதரையில் ஒளிந்திருந்த குறை ஏற்றத்தில் மட்டும் வெளியே வருவது ஏன்?

முதலில் எஞ்சின் எதைத் தின்கிறது என்று பார்ப்போம். நாம் காசு கொடுப்பது பெற்றோலுக்கு. எஞ்சின் உட்கொள்வதில் பெரும்பங்கு காற்று. ஒரு கிராம் பெற்றோல் மிச்சமின்றி எரிய ஏறத்தாழ 14.7 கிராம் காற்று வேண்டும். கணக்குப் பார்த்தால் ஒரு லீற்றர் பெற்றோலுக்குப் பதினொரு கிலோ அளவில் காற்று செலவாகிறது. இந்த விகிதம் பிசகினால் ஏதோ ஒரு விதத்தில் தண்டனை உண்டு. பெற்றோல் கூடினால் கரும்புகையும் வீண்செலவும். பெற்றோல் குறைந்தால் இழுவை போகும், எஞ்சின் அதிர்ந்து தட்டும், சூடேறும்.

இதில் கவனிக்க வேண்டியது, கணக்கு கிராமில் இருக்கிறது என்பது. எரிவதற்குத் தேவைப்படுவது காற்றின் திணிவு, அதாவது அதற்குள் எத்தனை மூலக்கூறுகள் இருக்கின்றன என்பது. எஞ்சினின் சிலிண்டரோ காற்றைக் கனவளவால் அளந்து எடுக்கிறது. ஒன்றரை லீற்றர் எஞ்சின் கொழும்பிலும் ஒன்றரை லீற்றர்தான், எல்லவிலும் ஒன்றரை லீற்றர்தான். ஆனால் எல்ல கடல்மட்டத்திலிருந்து ஆயிரம் மீற்றருக்குச் சற்று மேலே இருக்கிறது. அங்கே வளிமண்டல அமுக்கம் கடற்கரையில் இருப்பதைவிடப் பத்தில் ஒரு பங்கு குறைவு. மலைக்குளிரில் காற்று கொஞ்சம் சுருங்கி அடர்த்தி சற்றுக் கூடும் என்பதைச் சேர்த்துப் பார்த்தாலும், கரையோரத்தின் ஒரு லீற்றர் காற்றில் 1.16 கிராம் அளவு இருந்தால், எல்லவில் அதே லீற்றரில் 1.05 கிராம் அளவே இருக்கும். நுவரெலியாவுக்குப் போனால், அது 1868 மீற்றர், அமுக்கத்தில் ஐந்தில் ஒரு பங்கு போய்விடும்.

எனவே நூறு வீதம் ஆரோக்கியமான காரும் எல்லவில் தன் முழு வலுவில் பத்தில் ஒரு பங்கை இழக்கத்தான் செய்யும். மலைக்காற்றைக் குறை சொல்பவர்களின் பேச்சில் உள்ள உண்மை இவ்வளவே. அந்தப் பத்து வீத இழப்பு ஒரு காரை வளைவில் திணற வைக்காது. திணறினால் வேறு ஏதோ இருக்கிறது.

கார்பரேட்டர் காலத்து மொரிஸ் மைனரும் பெட்ஃபோர்ட் லொறியும் இந்த மலைகளில் ஏறியபோது நிலைமை வேறு. காற்று உறிஞ்சப்படும் வேகத்தில் பெற்றோலும் ஒரு சிறு துளை வழியே இழுபட்டு வரும், அவ்வளவுதான் அந்தப் பொறிமுறை. காற்று மெலிந்துவிட்டது என்று கார்பரேட்டருக்குத் தெரியாது. மேலே ஏற ஏறப் பெற்றோல் விகிதம் கூடிக்கொண்டே போகும், சைலன்சரில் கரி படியும். மலைநாட்டில் ஓடும் வண்டிக்குச் சிறிய துளையுள்ள ஜெட் போடுவது அந்தக் காலத்துப் பரிகாரம். அந்த வண்டி கரையோரத்துக்கு இறங்கினால் எதிர்ப்பக்கத் தொல்லை.

1970களின் நடுப்பகுதியில் ஜெர்மனியின் பொஷ் நிறுவனம் காற்றுக் குழாயில் ஒரு மடிப்புக் கதவை வைத்து, காற்று அதை எவ்வளவு தள்ளுகிறது என்று பார்த்து எரிபொருளைக் கணக்கிடும் முறையைக் கொண்டுவந்தது. நல்ல முன்னேற்றம்தான். ஆனால் தள்ளும் விசையிலிருந்து திணிவு நேரடியாகக் கிடைக்காது. உயரத்துக்கும் வெப்பத்துக்கும் தனியே திருத்தம் போட வேண்டியிருந்தது. 1980களின் தொடக்கத்தில் அதே நிறுவனம் கதவை எடுத்துவிட்டு ஒரு சூடான கம்பியை வைத்தது. இன்று நம் ஊரில் ஓடும் டொயோட்டா அக்ஸியோ, பிரிமியோ, விட்ஸ் போன்ற பல ஜப்பான் கார்களின் ஏர் ஃபில்டர் பெட்டிக்கு அருகில் இரண்டு திருகாணியில் நிற்கும் கறுப்புப் பிளாஸ்டிக் துண்டு அந்தக் கம்பியின் வாரிசு. கராஜ் மெஷின் பழுது என்று சொன்ன எயார் ஃப்ளோ சென்சர் இதுதான். இதைக் காற்றோட்ட உணரி என்று சொல்வோம்.

ஒரு கம்பி எப்படிக் காற்றை நிறுக்கும்? எல்லக் கணவாயின் வாயில் திறந்தவெளியில் ஒரு தேத்தண்ணிக் கடை இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். அடுப்பில் கேத்தல். கடைக்காரருக்கு ஒரே ஒரு கட்டளை: கேத்தல் தண்ணீரின் சூடு கூடவும் கூடாது, குறையவும் கூடாது. காற்று அசையாத நேரத்தில் இரண்டு சுள்ளி போதும். கணவாய்க் காற்று கிளம்பினால் கேத்தலின் சூட்டை அது அள்ளிக்கொண்டு போகிறது, விறகைக் கூட்ட வேண்டும். காற்று பலத்தால் இன்னும் கூட்ட வேண்டும். அந்தக் கடைக்காரர் ஒவ்வொரு நிமிடமும் எரித்த விறகின் கணக்கை மட்டும் நம்மிடம் தந்தால் போதும், நாம் வெளியே எட்டிப் பார்க்காமலே காற்றின் பலத்தைச் சொல்லிவிடலாம்.

உணரிக்குள் நடப்பது இதுவே. மெல்லிய பிளாட்டினக் கம்பி, தடிப்பு மில்லிமீற்றரின் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. அதில் மின்சாரம் பாய்ச்சி, உள்ளே வரும் காற்றைவிட நூறு பாகை அளவு கூடுதல் சூட்டில் எப்போதும் வைத்திருக்கிறார்கள். காற்று பாய்ந்து கம்பி ஆறப் பார்க்கும் கணத்திலேயே மின்சாரம் கூடிச் சூட்டைக் காப்பாற்றும். எவ்வளவு மின்சாரம் கூட்ட வேண்டியிருந்தது என்பதே காற்றின் அளவு. சூட்டைக் கொண்டு போவது காற்றின் மூலக்கூறுகள். எல்லவில் மூலக்கூறுகள் குறைவு, ஆகவே கம்பி குறைவாக ஆறுகிறது, அளவும் குறைவாக வருகிறது. உயரத்துக்கென்று தனித் திருத்தம் வேண்டியதில்லை. இந்த உணரி மலைக்கு அஞ்சாத உணரி. இந்த நுட்பத்தில் என்னை மிகவும் கவர்ந்த அம்சம் இது.

கம்பியின் சூடு நிலையாக இருக்கிறது என்று எப்படித் தெரியும்? இவ்வளவு மெல்லிய கம்பியில் வெப்பமானி ஒட்ட முடியாது. பிளாட்டினம் சூடேறச் சூடேற அதன் மின்தடை ஒழுங்காகக் கூடும், எனவே தடையை அளந்தால் சூடு தெரிந்துவிடும். தடையை நுட்பமாக ஒப்பிட 1833இல் சாமுவேல் ஹன்டர் கிறிஸ்டி வடிவமைத்து, 1843இல் சார்லஸ் வீட்ஸ்டன் பரப்பிய பாலச் சுற்று இங்கே கைகொடுக்கிறது. உயர்தரப் பௌதிகவியல் படித்தவர்கள் வீட்ஸ்டன் பாலத்தை மறந்திருக்க மாட்டார்கள். பாலத்தின் ஒரு கையில் சூட்டுக்கம்பி, இன்னொரு கையில் வரும் காற்றின் சொந்த வெப்பநிலையைச் சொல்லும் சூடாக்காத உணரி. பாலம் சரிந்தால் மின்சாரம் கூடும் அல்லது குறையும்.

மின்சாரத்துக்கும் காற்றுக்குமான உறவை 1914இல் கனடாவின் மக்கில் பல்கலைக்கழகத்தில் இருந்த லூயிஸ் வெசொட் கிங் என்பவர் அளந்து எழுதினார். கார்களை மனதில் வைத்து அவர் அதைச் செய்யவில்லை. காற்று நான்கு மடங்கானால் கம்பி இழக்கும் வெப்பத்தில் காற்றால் வரும் பங்கு இரண்டு மடங்குதான் ஆகும் என்பது அவர் கண்ட விதியின் சாரம். கராஜில் இது ஒரு பெரிய விடயம். உணரி அனுப்பும் வோல்ற்றளவில் இரண்டு வீதம் பிசகினால், கணிக்கப்படும் காற்றில் குறைந்தது எட்டு வீதம் பிசகும். மீட்டரை வைத்துப் பார்த்து வோல்ற்று ஏறத்தாழச் சரியாகத்தான் இருக்கிறது என்று முடிவுசெய்வது ஏன் ஆபத்து என்பது இப்போது விளங்கும்.

இனி அழுக்கு. ஊவாவில் ஆடி, ஆவணி மாதங்களில் மலையைத் தாண்டி இறங்கும் வறண்ட காற்றுத்தான் இந்தப் பக்கத்துத் தேயிலைக்கு உலகச் சந்தையில் பெயர் வாங்கித் தரும் மணத்தைக் கொடுக்கிறது. அதே காற்று தோட்டத்து மண் பாதைகளின் தூசியையும் கிளப்புகிறது. ஃபில்டர் பெரும்பகுதியைப் பிடித்துக்கொள்ளும். விளிம்பு பொருந்தாத மலிவு ஃபில்டர் என்றால் ஓரத்தால் நுழையும். எஞ்சின் நின்ற பிறகு சூட்டோடு திரும்பி எழும் எண்ணெய் ஆவி கம்பியில் மெல்லிய பசையாகப் படியும். அதன்மேல் நுண்தூசி ஒட்டும். பழைய மாதிரிகள் சிலவற்றில் எஞ்சின் நின்றதும் கம்பியை ஒரு விநாடி ஆயிரம் பாகை அளவுக்குச் சூடாக்கி அழுக்கை எரித்துவிடும் ஏற்பாடு இருந்தது. இப்போதுள்ளவற்றில் பெரும்பாலும் இல்லை. காற்று செல்லும் சிறு வழியை வளைத்து, பாரமான துகள் கம்பியில் படாமல் ஒதுங்கிப் போகச் செய்திருக்கிறார்கள்.

படிந்த அழுக்கு என்ன செய்கிறது? கேத்தலைச் சுற்றித் தடித்த சாக்கு ஒன்றைச் சுற்றிவிட்டதாக வையுங்கள். காற்றே இல்லாத நேரத்தில் சாக்கு பெரிய மாற்றம் செய்யாது, ஏனென்றால் அப்போது சூட்டைத் தடுத்து நிற்பது அசையாத காற்றே. புயல் அடிக்கும்போது திறந்த கேத்தலுக்கு விறகு மளமளவென்று வேண்டும். சாக்குச் சுற்றிய கேத்தலுக்கோ அவ்வளவு வேண்டாம், சூடு சாக்கைத் தாண்டி வந்தால்தானே காற்று அதை எடுத்துப்போக முடியும்? விறகுக் கணக்கைப் பார்க்கும் நாம் வெளியே புயல் என்று அறியாமல், சாதாரணக் காற்றுத்தான் என்று எழுதிவைப்போம்.

அழுக்கேறிய உணரியின் நோய்க்குறி இதுதான். ஐட்லிங் நிலையில் ஏறத்தாழச் சரியாகக் காட்டும், சில வேளை கொஞ்சம் கூட்டியும் காட்டும். காற்று பெருகப் பெருக, உள்ளதைவிடக் குறைத்துக் காட்டும். ஒரு கார் மிக அதிகமாகக் காற்றை இழுப்பது எப்போது? ஏற்றத்தில் முழுதாக மிதிக்கும்போது.

ஏற்றத்தில் மட்டும் வெளிப்படுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு, அது இதைவிட நுட்பமானது. எஞ்சின் கணினி காற்றோட்ட உணரியைக் கண்ணை மூடி நம்புவதில்லை. புகைக்குழாயில் ஒட்சிசன் உணரி என்று வேறொன்று இருக்கிறது. சுவீடனின் வொல்வோ கார்களில் 1976இல் அறிமுகமானது. எரிந்து முடிந்த புகையில் மிச்ச ஒட்சிசன் இருக்கிறதா என்று அது பார்க்கும். மிச்சம் இருந்தால் பெற்றோல் போதவில்லை என்று பொருள். கணினி உடனே கொஞ்சம் கூட்டும். இதற்கு எரிபொருள் திருத்தம் என்று பெயர் வைக்கலாம். விநாடிக்கு விநாடி ஏறி இறங்கும் உடனடித் திருத்தம் ஒன்று. அது ஒரே பக்கமாகச் சாய்ந்துகொண்டே இருந்தால் கணினி கற்றுக்கொண்டு நினைவில் வைக்கும் நிலைத்த திருத்தம் இன்னொன்று. இரண்டும் நூற்றுவீதமாக ஸ்கேனரில் தெரியும். நல்ல காரில் இவை பூச்சியத்தை ஒட்டி, கூட்டியோ குறைத்தோ ஐந்து வீதத்துக்குள் நிற்கும்.

ஆகவே காற்றோட்ட உணரி காற்றைக் குறைத்துச் சொன்னாலும், சமதரையில் ஒட்சிசன் உணரி அதைத் திருத்திவிடுகிறது. ஓட்டுபவருக்கு ஒன்றும் தெரியாது. அக்ஸிலரேட்டரை முழுதாக மிதிக்கும்போது பல கார்களில் இந்த உடனடித் திருத்தம் நிறுத்தி வைக்கப்படும். அப்போது வேண்டியது சிக்கனமல்ல, வலு. கணினி நினைவில் உள்ள பழைய திருத்தத்தோடு காற்றோட்ட உணரியின் சொல்லை மட்டும் நம்பிப் பெற்றோலை விடுகிறது. பிழை மிகப் பெரிதாக இருக்கும் அதே கணத்தில் திருத்துபவரும் இல்லை. போதாததற்கு, காற்று குறைவாக வருகிறது என்று நம்பும் கணினி, எஞ்சினுக்குச் சுமை குறைவு என்றும் நினைத்து, பிளக்கின் பொறியை முன்கூட்டியே அடிக்கிறது. அதனால்தான் சில கார்கள் ஏற்றத்தில் டக்டக்கென்று தட்டுகின்றன. இவற்றோடு மலைக்காற்றின் பத்து வீதமும் சேர்ந்தால் இராவணன் அருவி வளைவு எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

வருடாந்தம் எடுக்கும் புகைச் சான்றிதழ் இதைக் காட்டிக்கொடுக்காதா என்று கேட்கலாம். பெற்றோல் காரை அங்கே நிறுத்தி வைத்து, ஐட்லிங்கிலும் 2500 சுற்றிலும் சுமையில்லாமல் ஓடவிட்டுப் பார்க்கிறார்கள். திருத்தம் மும்முரமாக வேலை செய்யும் நேரம் அது. சான்றிதழ் கிடைத்துவிடும்.

இப்போது மஞ்சள் விளக்குக்கு வருவோம். ஸ்கேனர் காட்டும் எண்களில் பி0102, பி0103 என்பவை உணரியின் மின்சைகை எல்லைக்கு வெளியே போய்விட்டதைச் சொல்பவை. கழன்ற பிளக், எலி கடித்த வயர், எரிந்த ஃபியூஸ் என்று தேடத் தொடங்க வேண்டியவை. பி0101 என்பது உணரி சொல்லும் அளவு மற்ற அளவுகளோடு பொருந்தவில்லை என்பது. பி0171 என்பது கலவையில் பெற்றோல் குறைவு, கூட்டிக் கூட்டித் திருத்தியும் எல்லையைத் தாண்டிவிட்டது என்பது. பின்னிரண்டிலும் கணினி அறிவிப்பது ஒரு முரண்பாட்டை. இரண்டு அளவுகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை என்கிறது. எது பிழை என்று அதற்குத் தெரியாது. பி0101 என்று கண்டவுடன் உணரியை வாங்கிப் போடுவது, அண்ணன் தம்பி சண்டையில் முதலில் கண்ணில் பட்டவருக்கு அடிகொடுப்பதற்குச் சமம் என்று எனக்குத் தெரிந்த ஒரு கராஜ் பாஸ் சொல்வார். அவர் சொல்வது முழுவதும் சரி.

முரண்பாட்டை எப்படித் தீர்ப்பது? கணினி சொல்லாத மூன்றாவது அளவு ஒன்றை நாமே உண்டாக்கலாம். ஒன்றரை லீற்றர் எஞ்சின் நிமிடத்துக்கு 4000 சுற்றுச் சுற்றுகிறது. இரண்டு சுற்றுக்கு ஒருமுறை எல்லா சிலிண்டரும் நிறைகின்றன. ஆக நிமிடத்துக்கு 2000 முறை ஒன்றரை லீற்றர், அதாவது 3000 லீற்றர், விநாடிக்கு 50 லீற்றர். எல்லவில் லீற்றருக்கு 1.05 கிராம் என்றால் விநாடிக்கு 52 கிராம் அளவு. எந்தச் சாதாரண எஞ்சினும் முழுதாக நிறையாது, எண்பது தொண்ணூறு வீதம்தான் நிறையும். எனவே முழு மிதிப்பில் 4000 சுற்றில் ஸ்கேனர் விநாடிக்கு 42க்கும் 47க்கும் இடையில் எங்கோ காட்ட வேண்டும். கொழும்பில் இதே காரில் 46 முதல் 52 வரை. கொழும்பில் படித்த அளவை எல்லவில் எதிர்பார்த்து, நல்ல உணரியைப் பழுது என்று கழற்றி எறிவதும் நடக்கக்கூடிய காரியம்தான்.

இந்த அளவை எடுக்க இருவர் வேண்டும். ஓட்டுபவர் வீதியைப் பார்க்க, மற்றவர் ஸ்கேனரைப் பார்க்க வேண்டும். வளைவில் செய்யக்கூடாது. வாகனம் வராத நேரான பகுதியில், தாழ்ந்த கியரில், சில விநாடி முழுதாக மிதித்தால் போதும். ஃபோனோடு புளூடூத்தில் பேசும் சிறிய ஸ்கேனர் இதற்குத் தாராளம்.

ஸ்கேனர் 30 என்று காட்டுகிறது என்று வைப்போம். இரண்டு சாத்தியம் உண்டு. எஞ்சினுக்குள் உண்மையிலேயே 30 கிராம்தான் போகிறது, அல்லது 45 போகிறது, உணரி 30 என்று சொல்கிறது. பிரித்தறிய எரிபொருள் திருத்தத்தைப் பாருங்கள். உண்மையில் 30 போனால், 30க்குரிய பெற்றோல் விடப்படுகிறது, கலவை சரி, திருத்தம் பூச்சியத்தை ஒட்டியே இருக்கும். உணரி நல்லது. அடைபட்ட ஃபில்டரையோ, உருகி அடைத்த கற்றலிற்றிக் கொன்வேர்ட்டரையோ தேட வேண்டும். மாறாக நிலைத்த திருத்தம் பதினைந்து, இருபது என்று கூட்டலில் நின்று, முழு மிதிப்பிலும் ஒட்சிசன் உணரி பெற்றோல் போதவில்லை என்றே காட்டினால், உணரி குறைத்துச் சொல்கிறது.

இன்னொரு காரில் ஸ்கேனர் 45 காட்டுகிறது, திருத்தமோ கூட்டலில் நிற்கிறது. காற்று சரியாக அளக்கப்படுகிறது, பெற்றோல்தான் வந்து சேரவில்லை. பெற்றோல் பம்ப், அதன் ஃபில்டர், இன்ஜெக்டர் என்று போக வேண்டும்.

மிக அதிகம் ஏமாற்றுவது நான்காவது வகை. உணரிக்கும் எஞ்சினுக்கும் இடையில் ஓடும் ரப்பர் குழாய் வெடித்திருக்கும், அல்லது ஏர் ஃபில்டர் மாற்றியபோது கிளிப்பைச் சரியாக இறுக்கியிருக்க மாட்டார்கள். அந்த வெடிப்பு வழியே நுழையும் காற்று உணரியைத் தாண்டி வருவதில்லை. அளக்கப்படாத காற்று என்று இதைச் சொல்லலாம். எஞ்சினுக்குள் போகும் காற்றில் ஒரு பகுதி கணக்கிலேயே இல்லை, கலவை மெலிகிறது, அதே பி0171 வருகிறது. அடையாளம் எதிர்மாறானது. ஐட்லிங்கில் எஞ்சினின் தேவை விநாடிக்கு இரண்டு கிராம் அளவுதான், அதில் அரைக் கிராம் களவாக நுழைந்தால் பெரும் பிழை. 4000 சுற்றில் நாற்பத்தைந்துக்கு அரைக் கிராம் ஒன்றுமில்லை. எனவே ஐட்லிங்கில் திருத்தம் கூடி, 2500 சுற்றில் இறங்கினால் குழாயைச் சந்தேகியுங்கள். ஐட்லிங்கில் சாதாரணமாக இருந்து, சுமை கூடக் கூடத் திருத்தமும் கூடினால் உணரியையோ பெற்றோல் பம்பையோ சந்தேகியுங்கள். இந்த ஒரு வேறுபாட்டைத் தெரிந்துகொண்டால் பாதிச் செலவு மிச்சம்.

விளக்கு எரிந்த கணத்தில் வேகம், சுற்று, சுமை, எஞ்சின் சூடு ஆகியவற்றைக் கணினி ஒரு பதிவாக எடுத்து வைத்திருக்கும். ஸ்கேனரில் அதையும் திறந்து பாருங்கள். டவுனில் நெரிசலில் நின்றபோது எரிந்ததா, ஏற்றத்தில் எரிந்ததா என்பது அதில் இருக்கிறது. பலர் பார்க்காமலேயே எண்ணை அழித்துவிடுகிறார்கள். அழித்தால் இந்தப் பதிவும் போய்விடும்.

உணரியின் பிளக்கைக் கழற்றிவிட்டு ஓட்டிப் பார்க்கும் பழக்கமும் உண்டு. கழற்றினால் கணினி உத்தேச அட்டவணை ஒன்றுக்குப் போகும். கழற்றிய பிறகு கார் நன்றாக இழுத்தால் உணரிமேல் சந்தேகம் வலுக்கும். மேற்சொன்ன அளவுகள் இல்லாமல் இதை மட்டும் தீர்ப்பாக எடுக்க வேண்டாம். குழாய் வெடிப்பைத் தேட எரியக்கூடிய ஸ்பிரேயைச் சூடான எஞ்சின்மேல் அடிப்பதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். தீப்பிடிக்க அது போதும். ரப்பரைக் கையால் வளைத்து மடிப்புகளின் அடியைப் பார்ப்பதும், புகை செலுத்திப் பார்க்கும் மெஷின் இருந்தால் அதைப் பயன்படுத்துவதும் நல்லது.

உணரிதான் என்று உறுதியானால், முதலில் கழுவிப் பார்க்க வேண்டும். எஞ்சின் ஆறியிருக்க வேண்டும், சாவியை எடுத்திருக்க வேண்டும். பிளக்கைக் கழற்றி, இரண்டு திருகாணியையும் எடுத்து, உணரியை நேராக வெளியே இழுங்கள். உள்ளே கண்ணாடி மணியளவில் தெரியும் சிறு உறுப்புகளை விரலாலும் பஞ்சாலும் பிரஷ்ஷாலும் தொடவே கூடாது. இதற்கென்றே விற்கும், மிச்சம் விடாமல் ஆவியாகும் ஸ்பிரேயைப் பத்துப் பன்னிரண்டு முறை விட்டுவிட்டு அடியுங்கள். பிரேக் கிளீனர், கார்பரேட்டர் கிளீனர் போன்றவை பிளாஸ்டிக்கையும் பூச்சையும் தின்றுவிடக்கூடும். கம்ப்ரஸர் காற்று அடித்தால் கம்பி அறுந்துபோகலாம். நன்றாகக் காயவிட்டு, ரப்பர் வளையம் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்த்துப் பூட்ட வேண்டும். ஃபில்டர் பெட்டியின் விளிம்பையும் துடையுங்கள். வண்டி கழுவும் இடங்களில் எஞ்சின்மேல் பிரஷர் தண்ணீர் அடிக்கும்போது அந்தப் பெட்டிக்குள் ஈரம் போகாமல் மூடச் சொல்லுங்கள்.

பிறகு கணினியின் பழைய நிலைத்த திருத்தத்தை அழிக்க வேண்டும். இல்லாவிட்டால் உணரி சரியான அளவைச் சொல்லத் தொடங்கியும், கணினி பழைய பழக்கத்தில் இருபது வீதம் கூட்டிக்கொண்டிருந்து கரும்புகை கக்க வைக்கும். அழித்துவிட்டு, முன்பு அளவெடுத்த அதே இடத்தில், அதே கியரில் மறுபடி அளவெடுங்கள். 30 என்றிருந்தது 44 ஆகியிருந்தால் வேலை முடிந்தது.

மாறவில்லை என்றால்தான் புது உணரி. மார்ச் 2020இலிருந்து 2025 பெப்ரவரி வரை தனியார் கார் இறக்குமதி நின்றிருந்ததால் நம் வீதிகளில் ஓடும் கார்களுக்கு வயது கூடிவிட்டது, உதிரிப்பாகத் தேவையும் கூடிவிட்டது. கொழும்பு பஞ்சிகாவத்தையில் ஜப்பானில் கழற்றிய பழைய உணரிகளும் கிடைக்கின்றன, அசல் மாதிரியே தோன்றும் நகல்களும் கிடைக்கின்றன. நகலின் வெளித்தோற்றம் ஒன்றாக இருந்தாலும், வோல்ற்றுக்கும் காற்றுக்குமான வளைகோடு வேறாக இருக்கலாம். கிங் கண்ட விதியின்படி சிறு வேறுபாடே பெரும் பிழையாகிவிடும். நகலைப் போட்ட காரில் திருத்தம் முன்பைவிட மோசமாக நின்றால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. கழற்றிய அசல், கழுவிப் பூட்டி அளவு பார்த்து வாங்கப்பட்டால், நகலைவிட மேல் என்பது என் துணிபு.

எல்லா வண்டியிலும் இந்த உணரி இருக்காது. சுசுகி வெகன்ஆர், ஆல்டோ போன்ற சிறு கார்களில் காற்றின் ஓட்டத்தை அளக்காமல், எஞ்சின் உறிஞ்சும் குழாய்க்குள் அமுக்கத்தை அளந்து காற்றைக் கணிக்கிறார்கள். சாவியைப் போட்டு எஞ்சினை ஓடவிடாமல் வைத்தால் அந்த அமுக்க உணரி எல்லவில் ஏறத்தாழ 90 கிலோபாஸ்கல் காட்ட வேண்டும், கரையோரத்தில் 101. டீசல் வேன்களில் காற்றோட்ட உணரி பெரும்பாலும் புகையை மறுபடி எஞ்சினுக்குள் அனுப்பும் அளவைத் தீர்மானிக்கப் பயன்படுகிறது. அங்கே உணரி பிழையாகச் சொன்னால் அது கரும்புகையாகவும் வெளிப்படலாம்.

2022இல் கியூஆர் அட்டைக்கு வாரம் இருபது லீற்றர் பெற்றோல் கிடைத்த நாட்களில் ஒவ்வொரு துளியையும் எண்ணிப் பார்த்தவர்கள் நாம். அதே கவனத்தோடு, இப்போது கார் நல்ல நிலையில் இருந்தால், ஐட்லிங்கில் எத்தனை கிராம், 2500 சுற்றில் எத்தனை கிராம், ஏற்றத்தில் முழு மிதிப்பில் எத்தனை கிராம், இரண்டு திருத்தமும் எத்தனை வீதம் என்று இடத்தையும் திகதியையும் சேர்த்து ஒரு தாளில் எழுதி டாஷ்போர்டு பெட்டிக்குள் போட்டு வையுங்கள். விளக்கு எரியும் நாளில் உங்கள் பாஸ் ஸ்கேனரில் பார்க்கும் எண்களை ஒப்பிட, எந்தப் புத்தகத்தையும்விட உங்கள் காருக்கு, உங்கள் மலைக்குப் பொருந்தும் அளவுகோல் அந்தத் தாளில் இருக்கும்.